ரேடியேட்டரில் ஊற்றிய முதல் தண்ணீர்

லாரி டிரைவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சோம்பேறி என்றால் சிரித்துக்கொள்வார், வாயாடி என்றால் ஒப்புக்கொள்வார். வண்டியைக் கவனிப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தீர்த்தகிரியிடம் அவருடைய முதலாளி தண்டாயுதபாணி அதைத்தான் சொன்னார், அதுவும் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில்.

தீர்த்தகிரி ஆட்டையாம்பட்டிக்காரர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் லாரியில் இருபத்திரண்டு வருஷம், அத்தனை வருஷமும் இதே முதலாளியிடம். கட்டிய பெண்டாட்டியின் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது, ஆனால் வண்டிக்கு எந்தத் தேதியில் ஆயில் மாற்றினோம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவரின் வண்டியில்தான் மூன்று மாதமாக ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

காலையில் கழுத்து வரை நிறைத்தால் சாயங்காலம் இரண்டு லிட்டரைக் காணோம். கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நாமக்கல்லில் ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றினார். ராசிபுரத்தில் இன்னொருவர் வாட்டர் பம்பை மாற்றினார். மூன்றாவது ஆள் இன்ஜின் ஹெட்டையே கழற்றிப் புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கொரு சாமானை மாற்றினார்களே ஒழிய, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று ஒருத்தரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. கடைசியில் திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது, அதோடு இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

முதலாளி வந்தார், பார்த்தார், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தண்ணி ஒழுகவும் இல்ல, எங்கயும் போகவும் இல்லைன்னா என்னப்பா அர்த்தம்? நீ ஊத்தவே இல்லைன்னு அர்த்தம். தண்ணியில்லாம ஓட்டி வண்டியக் கொன்னுபோட்டே."

அந்த மூன்று மாதமும் முப்பது மைலுக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கேனைத் தூக்கி ஊற்றியவர் தீர்த்தகிரி. கையில் இரண்டு இடத்தில் சூடு பட்ட புண் இன்னும் ஆறவில்லை. முதலாளியோ, சங்ககிரி பைபாஸில் இருக்கிற சபரிநாதன் பட்டறைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை மத்தியானம் தானே வருவதாகவும், அதற்குள் தண்ணீர் போன இடத்தைக் காட்டாவிட்டால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். நாற்பத்தொன்பது வயதில், கெட்ட பெயரோடு இறங்கி வருகிற டிரைவரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன் ஏற்றுவான்? ரிக் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் மத்தியானம் நடந்தது சாயங்காலத்துக்குள் அத்தனை ரிக் ஆபீஸுக்கும் தெரிந்துவிடும்.

சபரிநாதன் முப்பது வயதுப் பையன். அதிகம் பேச மாட்டான். மற்றவர்கள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போவார்கள், இவன் வெறுங்கையோடு போய் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் கறுப்பாகவே இருந்தது, தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுக்கவில்லை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்று அடித்தான். அழுத்தம் காட்டுகிற முள் ஏறி நின்றது, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. வண்டிக்கு அடியில் அவன் விரித்திருந்த அட்டை காய்ந்தபடியே கிடந்தது. தண்ணீர் எங்கேயோ போகிறது, ஆனால் வெளியே போகவில்லை என்றான்.

அடுத்ததாக, சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டச் சொன்னான். தீர்த்தகிரி சாவியைத் திருப்பியதும் மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டீசல் எரிய வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அதை அமுக்கப் பார்த்த பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும், பிரித்தாலும் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றான் சபரிநாதன். தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் உள்ளே நுழைந்த வழி புதன்கிழமை காலையில்தான் தெரிந்தது. இந்தக் காலத்து லாரிகளில் சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்புகிறார்கள். அந்தப் புகை கொதிக்கிற சூட்டில் வரும் என்பதால், நடுவில் ஒரு கூலர் வைத்து ரேடியேட்டர் தண்ணீரால் அதை ஆற்றுகிறார்கள். மெல்லிய குழாய்களுக்குள்ளே புகை ஓடும், குழாய்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சபரிநாதன் அந்தக் கூலரைக் கழற்றி, தண்ணீர் போகிற வாய் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்றுக்குழாயை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போனான். டியூப் முக்குகிற தொட்டியில் அதை அமுக்கிக் காற்றைத் திறந்ததும் புகை வழியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"பாத்தீங்களாண்ணா? உள்ள வெடிச்சிருக்குது. நீங்க ஊத்துன தண்ணியெல்லாம் இது வழியா இன்ஜினுக்குப் போயிருக்குதுங்ணா."

தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ கொண்டு வந்த ஆளையும் நிறுத்திக் காட்டினார். மனைவி கோகிலவாணிக்குப் போன் போட்டு, நான் தண்ணி ஊத்தினேன்தானே, ஊத்தினேன்தானே என்று இரண்டு தரம் கேட்டார். தறி ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் என்ன கேட்டதோ, ஊத்துனீங்க, ஊத்துனீங்க என்றார். போன மூன்று மாதத்தில் தீர்த்தகிரி சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

சபரிநாதன் திரும்பி வந்து கூலரைத் தலைகீழாகப் பிடித்து மரச்சுத்தியால் தட்டினான். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் அட்டையில் கொட்டின. சுண்ணாம்பு மாதிரி இருந்தது, ஆனால் கல் கெட்டி. ஒரு சில்லை விரலால் நெருக்கிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு என்ன தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டான்.

இதைச் சொல்ல தீர்த்தகிரிக்கு என்ன தயக்கம்? பெருமையாகவே சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கம் வரிசையாக நாலு பாயிண்ட், அதாவது போர் போட்ட நாலு இடம், தண்ணீர் வராமல் வெறும் புழுதியாகப் புகைந்துபோனது. தாலியைத் தவிர மற்றதையெல்லாம் விற்றுப் போர் போட்ட ஒரு பெண், முதலாளி நின்ற திசையில் மண்ணை வாரித் தூற்றினாள். ஐந்தாவது பாயிண்ட் மல்லூரில். வண்டி கொதித்து நின்றது, ஊற்றப் பக்கத்தில் தண்ணீர் இல்லை. அந்த நேரம் பார்த்து நானூறு அடியில் ஊற்று அடித்தது. அந்தத் தண்ணீரையே பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினார் முதலாளி. அதற்கப்புறம் பதினொரு இடத்தில் தொடர்ந்து தண்ணீர். அன்றிலிருந்து அவர்கள் ரிக்கில் அதுதான் சட்டம். தேங்காய் உடைக்கிறார்களோ இல்லையோ, முதலில் வருகிற தண்ணீர் ஒரு கேன் வண்டிக்குப் போக வேண்டும். இடம் வேண்டுமே என்று, ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து, இன்ஜினை ஆற்றக் கம்பெனி ஊற்றித் தருகிற பச்சைக் கூலன்டைக் கீழே விட்டுவிடுவார் தீர்த்தகிரி. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் புது வண்டி வந்த பிறகும் ஒரு பாயிண்ட் விட்டதில்லை.

சபரிநாதன் மெதுவாகச் சொன்னான். பழைய வண்டியில் இந்தக் கூலரே கிடையாது, அப்போது தண்ணீரும் நானூறு அடியில் வந்தது. இப்போது ஆயிரத்து இருநூறு அடிக்குப் போகிறார்கள், வருவதெல்லாம் உப்புத் தண்ணீர். அந்த உப்பு சூட்டில் காய்ந்து குழாய்களைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஓட வழியில்லாமல் குழாய் காய்ந்து வெடிக்கும். வெடித்த பிறகு தீர்த்தகிரி ஊற்றியதும் அதே தண்ணீர்தான்.

தீர்த்தகிரி தன் கைகளைப் பார்த்தார். ஊற்றவில்லை என்று முதலாளி சொன்னது பொய். ஊற்றியதால்தான் வண்டி செத்தது என்பது உண்மை. இரண்டில் எதைச் சுமப்பது சுலபம் என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பால் என்று நினைத்து வேறெதையோ புகட்டியவனைப் போல ஆகிவிட்டார் அவர்.

சபரிநாதனுக்கு மனசு கேட்கவில்லை. சில்லுகளை அட்டையோடு மடித்துக் குப்பையில் போட்டான். கம்பெனி இந்தக் கூலரைச் செய்ததே சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள் என்றான். தீர்த்தகிரி தலையாட்டினார்.

முதலாளி இரண்டு மணிக்கு வந்தார். குமிழ் வருவதைத் தொட்டியில் பார்த்தார். சபரிநாதன் சொன்னதைக் கேட்டார். தீர்த்தகிரியின் தோளில் கை வைத்தார்.

"உன்னப் போய்ச் சொல்லிப்போட்டேன் பாரு. மனசுல வெச்சுக்காத தீர்த்தா. இன்ஜின் செஞ்சு வரட்டும், நீதான் ஓட்டற."

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் முதலாளியின் போன் அடித்தது. அவருடைய இன்னொரு ரிக் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியை ஓட்டுகிற மணிமாறன்தான் பேசினான். ஆயிரத்து நூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டதாம். முதலாளியின் முகம் மலர்ந்தது. இன்றைக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கிறது என்று இவர்களிடம் சொல்லிவிட்டு, வண்டிக்கு ஊற்றியாயிற்றா என்று போனில் கேட்டார். மணிமாறன் ஓட்டுகிற வண்டியும் இதே மாடல், வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

சபரிநாதன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். தீர்த்தகிரி அதைப் பார்த்தார். பார்த்தும் வாயைத் திறந்துவிட்டார்.

"ஊத்த வேண்டாமுன்னு சொல்லுங்க முதலாளி. அந்தத் தண்ணிதானுங்க இதக் கெடுத்துச்சு. நானேதானுங்க ஊத்துனேன்."

முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்தார். தீர்த்தகிரி எல்லாவற்றையும் சொன்னார். உப்பு, சில்லு, கீழே திறந்துவிட்ட கூலன்ட், ஒன்றையும் மறைக்கவில்லை. குப்பையிலிருந்து அட்டையை எடுத்து விரித்தும் காட்டினார். முதலாளி அந்த வெள்ளைச் சில்லுகளைத் தொடவில்லை. முதலில் அவர் முகத்தில் பயம்தான் வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது. பத்து வருஷமாக அந்த ஒரு கேன் தண்ணீரை நம்பித்தான் அவர் ஒவ்வொரு பாயிண்டிலும் குழாயை இறக்கினார். அதை விட்டுவிட்டு, நாளைக்கு எந்தத் தைரியத்தில் இன்னொருவன் தோட்டத்தில் துளை போடுவார்?

"உன்ற தப்ப மறைக்கத் தண்ணி மேல பழி போடறியா? என்னை வாழ வெச்ச தண்ணிப்பா அது." போனை மறுபடியும் காதில் வைத்தார். "மணிமாறா, நீ ஊத்து." அப்புறம் தீர்த்தகிரியைப் பார்க்காமலே சொன்னார். "நீ ஊட்டுக்குப் போ. சொல்லி அனுப்பறேன்."

கார் பைபாஸில் ஏறி மறைந்தது. சொல்லி அனுப்புகிறேன் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்குத் தெரியாதா? சபரிநாதன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தீர்த்தகிரி போனை எடுத்து மணிமாறனைக் கூப்பிட்டார். தன் பிழைப்புதான் போயிற்று, அந்த வண்டியாவது பிழைக்கட்டும் என்று அவருக்கு ஒரு வெறி. இரண்டு தரம் அடித்து ஓய்ந்த பிறகு மூன்றாவது தரம் எடுத்தான்.

ஊத்தாதே மணிமாறா, முதலாளி சொன்னாலும் ஊத்தாதே என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"ஊத்தியாச்சுங்ணா," என்றான் மணிமாறன். குரலில் சந்தோஷம் வழிந்தது. "எப்பவும் அரைக் கேன்தான் ஊத்துவேன், இன்னிக்கு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கூலன்ட மொத்தமாத் தொறந்து உட்டுப்போட்டு, கழுத்து முட்ட நெறச்சிருக்கறனுங்ணா."