நட்சத்திரம் போட்ட கிளஸ்டர்

முதல் கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் எழிலின் நெற்றியை உடைத்தது. தம்பியைத் தாங்கிப் பிடிக்க வெண்மதி எழுந்திருப்பதற்குள் கதவு பெயர்ந்து, மண்டியில் நெல் போட்ட ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள்.

“எங்க எடைக் கணக்க இன்னாடா பண்ண?” அனந்தபுரத்துக் கோவிந்தசாமி எழிலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். இன்னொரு கையில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி. “மண்டிக்காரன் சொல்லித்தானடா அழிச்ச?”

“நான் எதுவும் அழிக்கலண்ணா…” பேசிய வாயிலேயே குத்து விழுந்தது. பல் ஒன்று கீபோர்டில் வந்து விழுந்தது.

கம்பெனி முதலாளி ஆனந்தராஜ் எங்கே என்கிறீர்களா? அந்த மகராசன் சத்தம் கேட்டதுமே போனை அணைத்துவிட்டு, பின்படியில் இறங்கி பைக்கில் பறந்துவிட்டார். மாட்டிக்கொண்டது அக்காவும் தம்பியும்தான்.

உரக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனிதான் மண்டியின் எடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டது. கணக்கு இருப்பது கிளஸ்டரில். பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்காரர்கள் பேர் வைத்தால் கோட்டை மலைகளின் பேரை விட்டு வேறென்ன வைப்பார்கள்? நிஜக் கணக்குக்கு ராஜகிரி, அதன் நகலுக்குக் கிருஷ்ணகிரி, ஒத்திகை பார்க்கச் சந்திரகிரி. மூன்றையும் வரிசையாகக் காட்டி, இப்போது எதில் வேலை நடக்கிறதோ அதன் பக்கத்தில் நட்சத்திரம் போடும் டூல் ஒன்று உண்டு. அதை ஓட்டுவது மனுஷர் இல்லை, ஒத்திகைக் குப்பையைத் தானாகத் துடைக்கும் ஏஐ ஏஜென்ட். மணிக்கு ஒரு தரம் வரும். வெண்மதி எழுதிவைத்த விளக்கத்தைப் படிக்கும். படித்தபடியே செய்யும்.

அந்த விளக்கத்தை அவள் எழுதியது ஆயுத பூஜை அன்று. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த பிறகு நிஜக் கணக்கை யாரும் தொடக்கூடாது என்று ஆனந்தராஜ் சட்டம் போட்டிருந்தார். அதனால் சந்திரகிரிக்கு மாறி உட்கார்ந்து டூலை ஓட்டிப் பார்த்தாள். நட்சத்திரம் சந்திரகிரி பக்கத்தில் நின்றது. “நட்சத்திரம் போட்டது ஒத்திகைக் கிளஸ்டர். அதைக் காலி செய்யலாம்” என்று எழுதிவிட்டுப் பொரிகடலை தின்னப் போய்விட்டாள். பூஜை முடிந்து எழில் ராஜகிரிக்குத் திரும்பினான். நட்சத்திரமும் கூடவே திரும்பியது. இன்று காலைதான் ஏஜென்ட்டை முதன்முதலாக அவிழ்த்துவிட்டார்கள். அது வந்தது, படித்தது, ராஜகிரியை வழித்துத் துடைத்துவிட்டது.

கணக்கு ஏன் போயிற்று என்று அந்த நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது. நகலிலிருந்து கணக்கை மீட்கலாம் என்று எழில் கிருஷ்ணகிரிக்கு மாறி வேலையைத் தொடங்கியிருந்தான். அடிதடிக்கு நடுவே திரையைப் பார்த்த வெண்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நட்சத்திரம் கிருஷ்ணகிரி பக்கத்தில் நின்றது. ஆள் மாறுகிற இடத்துக்கெல்லாம் அதுவும் மாறும் என்று அப்போதுதான் உறைத்தது. ஏஜென்ட் வரும் நேரம். நகலும் போய்விட்டால் எழிலைக் கொன்றே போடுவார்கள். நட்சத்திரத்தை மாற்றினால் பாதி மீண்ட கணக்கு அறுந்துபோகும். வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். அடப்பாவி, நான் எழுதினதுக்கு இவன் அடிபடுகிறானே!

பாய்ந்து கீபோர்டை இழுத்து விளக்கத்தைத் திறந்தாள்.

“மிச்சத்தயும் அழிக்கிறா பாரு!” என்று எவனோ கத்தினான்.

கோவிந்தசாமி ஓங்கிய கொக்கி அவளுடைய இடது புறங்கையில் இறங்கி மேசைப் பலகையில் குத்தி நின்றது. அலறினாள். அலறிக்கொண்டே வலது கையால் பழைய வரியின் மேல் டைப் அடித்தாள்: “நட்சத்திரம் இடம் மாறும். எதையும் கேட்காமல் அழிக்கக் கூடாது.” பின்னால் எழிலை மிதிக்கிற சத்தம் கேட்டது. “அக்கா” என்று ஒரு தரம் கூப்பிட்டான். அவள் திரும்பாமல் சேமித்தாள்.

ஏஜென்ட் வந்தது. திரையில் எழுத்து விழுந்தது: “கிருஷ்ணகிரியைக் காலி செய்யலாமா? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.”

வேண்டாம் என்று தட்டிவிட்டு நகலைத் திறந்தாள். கோவிந்தசாமி குனிந்து உதட்டசைத்துத் தன் பேரைப் படித்தார். ஊர், ரகம், எடை, எல்லாம் இருந்தது.

“இருக்குதே!” என்றார். “டேய், நிறுத்துங்கடா! கணக்கு இருக்குதுடா!”

சத்தம் அடங்கியது. கூட்டம் ஓரடி பின்வாங்கியபோதுதான் எழில் தெரிந்தான். குப்புறக் கிடந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவனிடம் போக வெண்மதி எழுந்தாள். கை மேசையை விட்டு வரவில்லை.

“அவன் அழிக்கல பெரிப்பா. நான் தப்பா எழுதன ஒரு வரி. கேக்காம செய்யாதன்னு இப்ப மாத்தி எழுதனேன், மெஷினு கேட்டுச்சு.” கோவிந்தசாமியை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கோவிந்தசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். மண்டியிட்டு எழிலைப் புரட்டி, “தம்பி, டேய் தம்பி” என்று தோளைப் பிடித்து உலுக்கினார். எழில் கண் திறக்கவில்லை.