கணக்கு வாத்தியாரின் நீல ஜெல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாக ஆண்களுக்கு விக் பொருத்துகிறேன். கடை முதல் மாடியில், பல் டாக்டருக்கு எதிர்க் கதவு. என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் பல்வலி மாதிரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். அவர்கள் ரகசியமெல்லாம் என் வயிற்றுக்குள்தான். ஒரே ஒரு நாள் மட்டும் கொட்டிவிட்டேன்.

கணக்கு வாத்தியார் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம் வருகிறவர். முன்நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு முடி கிடையாது. மாதம் ஒரு முறை வருவார். பசையைக் கரைத்து, விக்கை எடுத்து அலசிக் காயவைத்து, தலையைத் துடைத்துத் திரும்ப ஒட்டுவேன்.

"வீட்ல தெரிஞ்சா அன்னைக்கே என் மரியாதை போச்சு மேடம்" என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்! அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கல்யாணமான இரண்டாவது மாதமே என் கடைக்கு வந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு நீல ஜெல் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இதுல ஆல்கஹால் இருக்கு. பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கான். இதைத் தடவித் தடவி அவரு முடி துடைப்பம் மாதிரி ஆயிடுச்சு. விக்குக்கு இது ஆகாதில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விக்குன்னு யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? முதல் வாரமே தெரியும். தூங்கும்போது நெத்தியோரம் தூக்கிட்டு நின்னுச்சு. மெதுவா அழுத்தி விட்டேன். மாசா மாசம் பல் டாக்டருன்னு கிளம்புறாரு, பல்லு முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு. கீழ உங்க போர்டைப் பாத்தேன், புரிஞ்சுபோச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. அவரா என்னைக்குச் சொல்றாரோ சொல்லட்டும்."

விக் முடிக்கு வேர் இல்லை, தலையிலிருந்து எண்ணெய்ப் பசை ஏறாது. ஆல்கஹால் பட்டால் காய்ந்து உடையும். சரியென்று எண்ணெயோ மெழுகோ தடவினால் அடியில் உள்ள பசை இளகி ஓரம் கிளம்பிவிடும். தண்ணீரில் செய்ததுதான் ஆகும். இதை வாத்தியாருக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் வாங்குகிற ஜெல்லை வாங்கினால்தான் வீட்டில் சந்தேகம் வராது என்று அந்த நீலப் பாட்டிலையே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் முழுக்க நானும் அவளும் பாட்டில் பாட்டிலாகத் திறந்து மோந்து பார்த்தோம். ஆல்கஹால் இல்லாமல் இருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது, நிறமும் வாசனையும் வாத்தியார் ஜெல்லைப் போலவே இருக்க வேண்டும். ஒன்று பச்சையாக இருந்தது, ஒன்று தண்ணியாக ஓடியது, ஒன்றில் ஆஸ்பத்திரி வாசனை. கடைசியில் ஒன்று அமைந்தது. அவர் புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் அதிலிருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு இதை ஊற்றி வைத்தாள். பதினோரு வருடம்!

வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆகாது ஆகாதுன்னீங்களே மேடம், என் ஜெல்லுக்கு முடி எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தீங்களா!" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீப்பைத் தேடுவேன்.

போன மாதம் வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. விக்கைக் கழற்றி அலசப் போட்டுவிட்டு வந்தேன். வெறும் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ரெண்டு மாசத்துக்கு வேண்டிய விக் ஒட்டுற டேப்பைக் குடுத்துடுங்க. வீட்டை விட்டுப் போறேன். ஸ்கூல் பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டேன். பையெல்லாம் கட்டியாச்சு."

"அடக் கடவுளே! வேற யாராவது..."

"சேச்சே. ரூம் மட்டும்தான். கதவைச் சாத்திக்கிட்டு, இதைக் கழட்டி வச்சிட்டு, மனுஷனா ஒரு தூக்கம் தூங்கணும். பதினோரு வருஷமா மல்லாக்கவே படுத்திருக்கேன் மேடம், ஒருக்களிச்சா ஓரம் கிளம்பிடுமோன்னு. மழையில அவகூட நடந்ததில்ல. அவ கை தலைப்பக்கம் வந்தாலே தட்டி விட்டுடறேன். ஒவ்வொரு தடவையும் அவ முகம் சுருங்கிப் போகுது. அதைப் பாத்துக்கிட்டு இனிமே என்னால முடியாது."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"பிடிக்கலன்னு சொன்னேன்."

பிடிக்கலையாம்! முதல் வாரத்தில் நெற்றியோரத்தை அழுத்தி விட்டதிலிருந்து நீல ஜெல் வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். "அவளா பிடிக்காதவ? பதினோரு வருஷமா உங்க மானத்தை பாட்டில்ல ஊத்தி வச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்காய்யா!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னை வேடிக்கை பாத்தாளா?"

"வேடிக்கை இல்லங்க. பாசம்."

"அப்படின்னா அவ வாயால சொல்லட்டும். இன்னைக்கு அவ முன்னாடியே கழட்டுறேன். தெரியுமான்னு கேக்குறேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எங்கயும் போகமாட்டேன். நீங்க சொன்னதைச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க."

பசை வேண்டாமென்று டேப்பிலேயே விக்கை ஒட்டிக்கொண்டு அவர் படியிறங்கியதும் எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு போன் போட்டுச் சொல்லலாமா என்று எடுத்தேன். சொன்னால் வாக்கு தவறியதற்குத் திட்டுவாளே என்று வைத்துவிட்டேன். எப்படியும் நல்லதுதானே நடக்கப் போகிறது என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"போயிட்டாருக்கா."

"என்னம்மா சொல்ற?"

"நேத்து சாயங்காலம் வந்து என் எதிர்ல உக்காந்து கழட்டினாருக்கா. அவரா! என் கண்ணு முன்னாடி! உனக்கு இது தெரியுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? இவ்வளவு வருஷம் காப்பாத்தினதை ஒரு நிமிஷத்துல விட்டுடுவேனா? ஐயோ, எனக்குத் தெரியவே தெரியாதேன்னு நெஞ்சுல கை வச்சேன். நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு இன்னொரு தடவை கேட்டாரு. சத்தியமா தெரியாதுன்னேன். ஒரு மாதிரி சிரிச்சாரு. எடுத்து மாட்டிக்கிட்டு, பையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தானேக்கா நடிச்சேன்? எங்க தப்பு பண்ணேன்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் அப்படி இருக்க முடியும்?

"அவருக்குத் தெரியும்மா. நேத்து நான்தான் எல்லாத்தையும் சொன்னேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அப்போ நான் ஆமான்னு சொல்லியிருந்தா?"

"இருந்திருப்பாரும்மா. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் வந்தாரு." எழுந்து கடைச் சாவியை எடுத்தேன். "வா, இப்பவே போய்ச் சொல்லிடலாம். நானும் வரேன்."

"இனிமே எதைச் சொன்னாலும் நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிடும்க்கா. சத்தியம் பண்ணிட்டேனே."

எதிர்க் கதவு திறந்து யாரோ பல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவள் நெடுநேரம் கண்ணாடி முன்னால் இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உச்சியில அவருக்கு ஒரு மச்சம் இருக்குக்கா. நீங்க பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேன்."

"நான் நேத்துதான் பாத்தேன். தொடணும்னு கை போயிடுச்சு. திடுக்கிட்ட மாதிரி நடிக்கணுமேன்னு இழுத்துக்கிட்டேன்."