மூன்றாம் லைனில் தீ நாக்கு

இயேசுவின் சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி தீ நாக்குகளாக இறங்கியதைக் கொண்டாடும் பெந்தகோஸ்து ஞாயிறு காலை ஏழரை மணிப் பூசையில், திருப்பூர் ராயபுரத்தில் குடியிருக்கும் அந்தோணிராஜின் தலைக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் ஒரு தீ நாக்கு வந்து உட்கார்ந்தது. முடி கருகவில்லை, ஃபேன் காற்றுக்கு அணையவும் இல்லை. நாள் தவறாமல் செபமாலை சொல்லும் அம்மாக்கள் முன்வரிசை முழுக்க இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, மனைவி நதியாவின் நச்சரிப்பு தாங்காமல் வந்து தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டவன்மேல் ஆவியானவர் இறங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? பங்குச்சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி அவனைப் பார்த்தார், தமக்கு மேலேயும் ஒருமுறை பார்த்துக்கொண்டார், பிறகு பூசையைத் தொடர்ந்தார். வீட்டில் நதியா ஈரத்துண்டைப் போட்டுப் பார்த்தாள். துண்டு காய்ந்ததுதான் மிச்சம்.

அந்தோணிராஜ் ஒரு பனியன் கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவன் லைனில் தைக்கும் முப்பத்தொரு பேரும் ஒடிசா, பீகார்க்காரர்கள். அவர்களை வேலை வாங்க அவனிடம் ஒரு முறை இருந்தது. கையால் சைகை காட்டுவான், 'ஜல்தி ஜல்தி' என்பான், அப்புறம் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே அவர்கள் தாயையும் தங்கையையும் இழுத்து வாய்க்கு வந்தபடி தமிழில் வைவான். அவர்களும் சிரித்துவிட்டு மிஷினை மிதிப்பார்கள். ஆறு வருடம் இப்படியே ஓடியது, யார் மனமும் நோகவில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

திங்கட்கிழமை முதலாளி கதிர்வேல் அவனைக் கேட்டிலேயே நிறுத்தினார். உள்ளே பஞ்சுத்தூசி பறக்கிறதே!

"ஏனுங்க அந்தோணி, அதைக் கொஞ்சம் வெளிய வெச்சுட்டு வர முடியாதுங்களா?"

முடியவில்லை. வேஸ்ட் துணியைத் தீயில் காட்டிப் பார்த்தார்கள், பற்றவில்லை. புதன்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்பதால் சரி போகட்டும் என்று உள்ளே விட்டார்.

ஒன்பதேகாலுக்கு ஒரு கழுத்துப்பட்டி கோணலாகப் போயிற்று. அந்தோணிராஜ் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். அவன் பேசியது தமிழ்தான். ஒடிசாக்காரர்களுக்கு அது ஒடியாவிலும் பீகார்க்காரர்களுக்கு போஜ்பூரியிலும் கேட்டது, ஒரு வார்த்தை குறையாமல், அவரவர் ஊர்ச் சண்டையின் அதே ராகத்தில். முப்பத்தொரு மிஷினும் நின்றன. கழுத்துப்பட்டி தைத்த தைதாரி என்ற ஒடிசாக்காரன் கத்தரியை மேசைமேல் வைத்தான். அவன் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவன் எழுந்து நடக்க, மற்றவர்களும் பின்னாலேயே கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள்.

கதிர்வேல் சத்தம் போடவில்லை. நாளைக் காலை லைன் ஓடவில்லையென்றால் நீங்களும் ஊரைப் பார்த்துக் கிளம்பிடுங்க என்று தன்மையாகச் சொன்னார். அந்தோணிராஜ் பங்குச்சாமியாரிடம் ஓடி, இதைக் கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினான். இருபத்திரண்டு வருடமாக இது என்மேல் இறங்கத்தான் மன்றாடுகிறேன், கழற்றுகிற செபம் எனக்குத் தெரியாது என்று சாமியார் சற்றுக் கடுப்பாகவே சொன்னார். என்ன செய்வதென்று தெரியாத கஷ்டமெல்லாம் நதியாவுக்கு இல்லை.

"ஆவியானவரே வந்து உக்காந்தும் அடுத்தவன் அம்மையத்தான வஞ்சிருக்கீக. போயி மன்னிப்புக் கேளுங்க."

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் அவன். டார்கெட், ஷிப்மென்ட் என்று நாலு சாக்குகளை யோசித்துக்கொண்டே சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனான். தைதாரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். காலையில் கத்தரியை வைத்துவிட்டு எழுந்த அந்தக் கையைப் பார்த்ததும் சாக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஒங்க அம்மையப் பேசிட்டேன் தைதாரி. எங்க அம்மைய ஒருத்தன் அப்படிப் பேசியிருந்தா அவன் கைய ஒடிச்சிருப்பேன். ஆறு வருசமா சிரிச்சிக்கிட்டே பேசியிருக்கேன். மன்னிச்சிருங்கய்யா."

சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் அழுதான். முப்பத்தொரு பேருக்கும் அது அவரவர் வீட்டு மொழியில் கேட்டது. பிறகு தைதாரியின் தலைக்கு மேலேயும் ஒரு தீ நாக்கு வந்து உட்கார்ந்தது. அவன் ஞானஸ்நானம் பெற்றவனில்லை, டிரங்குப் பெட்டிக்குள் ஜெகந்நாதர் படம் ஒட்டி வைத்திருப்பவன். அதையெல்லாம் தீ விசாரிக்கவில்லை. அவன் ஒடியாவில் பேசினான், அந்தோணிராஜின் காதில் அது அச்சு அசலாக விளாத்திகுளத்துத் தமிழில் விழுந்தது.

"நாங்க மட்டும் சும்மாவா சிரிச்சோம்? ஒங்களுக்குப் புரியாதுன்னு ஒங்க அம்மையப் பேசிட்டுத்தான் சிரிச்சோம். நீங்களும் மன்னிச்சிருங்க."

அந்தோணிராஜ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மீதி உருளைக்கிழங்கை உரித்தான்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு லைன் ஓடியது, புதன்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. மூன்றாம் லைனில் இன்றும் இரண்டு தீ எரிகின்றன. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பதறிப்போய் அது என்ன என்று கேட்டால், "அதுங்களா, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கதிர்வேல் அவர்களை நாலாம் லைனுக்குக் கூட்டிப்போகிறார்.