வீடு திரும்பும் நோட்டுகள்

கொரியாவின் மோக்போ துறைமுகச் சந்தைத் தெருவில், ஒரு வீட்டின் கடைசிப் பணமாக இருந்த நோட்டு கடைக் கல்லாவுக்குள் போனாலும், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்கே திரும்பிவிடும். நெத்திலி விலை ஏறிய வருடம் இது தொடங்கியது. நோட்டு திரும்பக் கிடைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர்கள் கல்லாவில் இருந்த பெண்களைத் திருடி என்று விரட்டினார்கள்.

பெக்கின் மளிகைக் கடையில் புதிதாகக் கல்லாவுக்கு வந்த மால்-சுன்னுக்கு இதெல்லாம் தெரியாது. கப்பல் பட்டறைச் சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்த கணவன் வீட்டில் படுத்திருந்தான். முதல் வாரமே கல்லா குறைந்தது. குறைவதைக் கல்லாவில் இருப்பவரே வைக்கவேண்டும் என்பது கடைச் சட்டம். மீதியை இருமுறை எண்ணிக் கொடுத்தாள்; மூத்திரத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படியும் குறைந்தது. வாடிக்கையாளர்கள் பார்க்க அவள் பையைக் கொட்டினார்கள். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று உருண்டு வந்தது.

"கை சுத்தமா இருந்தா கல்லா எப்படிம்மா குறையும்?" என்றார் பெக்.

"என் புருஷன்மேல சத்தியமா நான் தொடலைங்க முதலாளி."

"படுத்துக் கிடக்கறவன்மேல சத்தியமா? எந்திரிச்சு வந்து கேக்கமாட்டான்னு தைரியம்!"

பக்கத்துக் கடையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு மதியம், சிப்பி விற்கும் விதவைக் கிழவி பன்-நாம் அரிசிக்குக் கொடுத்த நோட்டு, கல்லா மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து சுவரோரமாக நகர்ந்து போவதை மால்-சுன் பார்த்தாள். பின்தொடர்ந்தாள். அது பன்-நாமின் கதவடியில் நுழைந்தது.

"கடவுள் குடுக்கறார்னுதான்டி நெனச்சேன்," என்று பன்-நாம் அழுதாள். "உன் சம்பளத்துலயா புடிக்கறாங்க? இந்தா, கொண்டு போ."

மால்-சுன் அதைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தாள். மாலையில் அது மறுபடி இல்லை. பெக்கிடம் சொன்னால் கிழவி வீட்டுக்குப் போலீஸ் போகும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சம்பள நாளில், பிடித்தம் போக அவள்தான் கடனாளி. "இப்பவே வை, இல்லைன்னா நடையைக் கட்டு," என்றார் பெக். கணவனின் மருந்துக்கு ஒளித்து வைத்திருந்த ஒரே நோட்டை எடுத்தாள். விரல்கள் அதை விடவில்லை. பெக்தான் பிடுங்கிக் கல்லாவில் போட்டுப் பூட்டினார். கல்லா குலுங்கியது. நோட்டு ஓரம் கிழிந்து வெளியே வந்து, குதித்து, வாசலைத் தாண்டியது. பெக் பிடித்துக்கொண்டு வந்து போட்டார். மறுபடி வந்தது. இம்முறை அவரும் அதன் பின்னாலேயே மலைப்படிகளில் மூச்சிரைக்க ஏறினார், மால்-சுன்னும் ஓடினாள்.

நோட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கணவனின் தலைமாட்டில் படுத்தது. குளிருக்கு அடியில் நெருப்பு மூட்டும் தரை சூடேற்றப்படாமல் பல நாள். உள்ளேயே பெக்கின் மூச்சு புகையாக வந்தது.

"யாரா இருந்தாலும் கதவைச் சாத்துங்க, குளிருது," என்றான் கணவன்.

பெக் சாத்தினார். "இதான் கடைசியா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமாங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கிழிந்த நோட்டை வங்கியில் வாங்கமாட்டார்கள் என்பதால், மறுநாள் கல்லாவில் நோட்டு கிழியாமல் வெளியேற விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு வெட்டச் சொன்னார். வெளியே போனதைக் கெட்டுப்போன தோஃபுவோடு சேர்த்து அன்றாட நஷ்டத்தில் எழுதினார்கள். மற்றக் கடைகளும் இடுக்கு வெட்டிக்கொண்டன. மால்-சுன் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். மாதக் கடைசிகளில் அரிசிக்கு அவள் கொடுத்த கடைசி நோட்டு அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும்.