ஏரிக்கரையில் ஒரு விசில்

எலாடியோ பதினோரு வருடமாக வார்மிகோச்சா ஏரிக்கு வேன் ஓட்டுகிறான். ஆட்களை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றும் சாலை வழியாக அருவியடிக்குப் போய், வண்டியை நிழலில் போட்டுத் தூங்குவான். அவன் மனைவி சோய்லா அந்த ஆட்களை ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் நடத்தி அருவிக்குக் கூட்டி வருவாள். அந்தப் பாதையில் எலாடியோ ஒருநாளும் கால் வைத்ததில்லை. எல்லாம் இறக்கம்தானே, தண்ணீருக்கு யார் வழி காட்டினார்கள் என்று கடையில் உட்கார்ந்து சிரிப்பான்.

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பாதையை இனி யார் பார்த்துக்கொள்வது என்று அங்கே கை தூக்கி முடிவு செய்வார்கள். ஆறு வருடமாகப் பார்த்துவரும் சோய்லாவா, புதிதாகக் கேட்டு நிற்கும் எலாடியோவின் பெரியப்பா மகன் அமாப்லேயா? அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கைதான். தூக்குவது வீட்டு ஆண். அவன் எழுந்திருக்க முடியாமல் படுத்தால்தான் மனைவி தூக்கலாம். இந்த மகராசன் இரண்டு கோப்பை கரும்புச் சாராயம் உள்ளே போனதும் தன் கையை அமாப்லேவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சோய்லா வீட்டோடு இருந்தால் மதியம் சூடாக சூப் கிடைக்கும் என்ற நினைப்பு. விஷயம் அன்றைக்கே அவள் காதுக்கு வந்தது.

வியாழக்கிழமை, வழக்கமாகக் கூட்டத்தின் கடைசியில் நடக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சோய்லா வேன் சாவியைப் பிடுங்கித் தன் தம்பியிடம் கொடுத்தாள்.

"வாங்க டிரைவரே, இன்னிக்கு நீங்கதான் வால்" என்றாள்.

ஏரி அன்று கொள்ளை அழகு. கறுத்த தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. மஞ்சள் புல் போர்த்திய மலைகள் தலைகீழாகக் கிடந்தன. குவாயாகில் நகரத்திலிருந்து வந்த பல் டாக்டரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாயடைத்து நின்றார்கள். தானே வெட்டிய ஏரி மாதிரி எலாடியோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டரின் மகள் கரையோரமாக வெகுதூரம் போய்விட்டாள். அவளைக் கூப்பிட, வேன் நிறுத்தத்தில் செய்வதுபோல இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான்.

அட பாவி மனுஷா! ஏரிக்கரையில் விசிலடிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். ஏரிக்குக் கோபம் வந்தால் மூடுபனியைக் கூப்பிட்டுக்கொள்ளும். விரலை எடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சோய்லா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். அவள் பையிலிருந்து ஒரு பிடி அவித்த சோளத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டு, தாழ்ந்த குரலில் ஏரியிடம் மன்னிப்புக் கேட்டாள். ஏரி மன்னித்ததோ இல்லையோ, இறங்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் பனி வந்துவிட்டது.

கொஞ்சநஞ்சப் பனியா அது? முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. பாதை புல்லுக்குள் கரைந்துபோனது. இடப்பக்கம் எங்கோ ஆழத்தில் ஓடையின் இரைச்சல். டாக்டரின் மனைவி அழ ஆரம்பித்தாள். எலாடியோவின் முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் மனிதனை உலுக்கி எடுக்கும் என்பது அவனுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

சோய்லா குரலை உயர்த்தவே இல்லை. முன்னால் இருப்பவரின் உடுப்பை இடது கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"வலது கையக் கீழ விட்டுப் புல்லத் தடவிக்கிட்டே வாங்க. முடிச்சு தட்டுப்படும். தட்டுப்பட்டா சரியான வழி. இல்லேன்னா அங்கயே நின்னு சத்தம் குடுங்க."

எலாடியோ குனிந்து தடவினான். முழங்கால் உயரப் புல்லில் இரண்டு கொத்தைச் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சு. இருபது அடி தள்ளி இன்னொன்று. பாதை திரும்பும் இடத்தில் இரட்டை முடிச்சு. வழுக்குப் பாறைக்கு முன்னால் மூன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் புல் கையை அறுக்கும். வளர வளர முடிச்சு நெகிழ்ந்துவிடும், மாதாமாதம் புதிதாகப் போட்டாக வேண்டும். ஆறு வருடமாக மாதத்தில் இரண்டு நாள் அவள் விரலெல்லாம் கீறலோடு வீட்டுக்கு வருவாள். பூனையோடு சண்டை போட்டாயா என்று ஒவ்வொரு முறையும் சிரித்தவன் இவன்தான். இப்போது அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என்ன பெண் இவள்! நடுநடுவே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், டாக்டர் மனைவியை உட்காரவைத்துப் பாலாடைக்கட்டி ஊட்டினாள், வாலையும் மறக்காமல் "டிரைவரே, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பனிக்குக் கீழே வந்ததும் அருவி. பாறையிலிருந்து அப்படியே குதித்து, வெயிலில் பளபளத்து, முகமெல்லாம் சாரல் அடித்தது. அழுதவளே முதல் ஆளாகக் கை தட்டினாள். எலாடியோ அருவியைப் பார்க்கவில்லை. மனைவியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முழங்கால் போயிருச்சு. ஞாயித்துக்கிழம எந்திரிக்க முடியாது. கூட்டத்துக்கு நீ போ" என்றான்.

"போன வாரம் கல்யாணத்துல விடிய விடிய ஆடுன முழங்காலா?"

"அதேதான்."

"அமாப்லேவுக்குக் குடுத்த வாக்கு?"

"என் கையத்தானே குடுத்தேன். அத அவனே வச்சுக்கட்டும். நீ உன் கையத் தூக்கு."

அவள் மிச்சமிருந்த சோளத்தை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எலாடியோ ஜன்னலைத் திறந்துவைத்துக் கட்டிலில் படுத்திருந்தான். ஊர்க்கூடம் எதிரேதான். உன் வீட்டுக்காரன் எங்கே என்று தலைவர் கேட்டதும், முழங்கால் பிடித்துப் படுத்துவிட்டார் என்று சோய்லா சொன்னதும் தெளிவாகக் கேட்டன. அங்கே வெறும் இறக்கம்தானே, அதற்கா படுத்தான் என்றான் அமாப்லே. கூடமே சிரித்தது. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். தலைவர் இரண்டு முறை எண்ணினார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பாதை சோய்லாவுக்கு என்றார்.

எலாடியோ எழுந்தான். முழங்கால் நிஜமாகவே வலித்தது. நொண்டிக்கொண்டே போய், அவள் வருவதற்குள் சூடாகட்டும் என்று சூப்பை அடுப்பில் ஏற்றினான்.