வாசலில் சொன்னது

"கோட்டைக் கழட்டுங்கோ அம்மா" என்றாள் நளாயினி.

ஜெகதீஸ்வரிக்குச் சந்தேகம் அப்போதே தொடங்கிவிட்டது. பாரிஸின் லா சப்பலில் வீட்டை விட்டு இறங்கினால், சேலை தெரியாமல் பொத்தானைப் பூட்டச் சொல்கிற பிள்ளை இவள். ஸ்டாலின்கிராட் கால்வாய்க்கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ராசாக்கள் காலத்தைக் காட்டும் சந்தை ஒன்று போட்டிருந்தார்கள். வாசலில் நின்றவனிடம் மகள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவன் ஜெகதீஸ்வரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிக்கெட் கேட்காமலே இருவரையும் உள்ளே விட்டான்.

"என்ன சொன்னனீ அவனிட்டை?"

"ஒண்டுமில்லை."

உள்ளே இரும்புச் சட்டை போட்ட ஒருவன் அவளைக் குனிந்து வணங்கினான். யாரோ படம் எடுத்தார்கள். ஜெகதீஸ்வரி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீன்ஸ் போட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். ராசா ராணி வேசம் போட்டவர்கள் காசில்லாமல் சும்மா வந்தார்கள்.

"நான் வேசம் போட்டிருக்கிறன் எண்டு சொன்னனியோ?"

நளாயினி குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தாள். "இந்தியா ராணி எண்டு சொன்னனான்."

"இந்தச் சேலையோடைதான் இண்டைக்குக் காலமை மீன் வெட்டினனான்."

மகள் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஜெகதீஸ்வரி மகளின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய் டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டினாள்.

"இது என்ரை உடுப்பு எண்டு அவனுக்குச் சொல்லு."

மகள் மெதுவாகச் சொன்னாள். சொன்னது அதுதானா என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அவன் முகத்தையே பார்த்தாள். அவனுடைய சிரிப்பு நின்றது.

"பார்தோன், மதாம்" என்றான்.

மெத்ரோ ரயிலில் தன் காலை மிதித்தவர்கள் சொல்கிற அந்த ஒரு சொல் அவளுக்கும் தெரியும்.