தாதர் வருவதற்குள்

இந்தத் தடவை நான் முதலில் பேசக் கூடாது. பேசினால் கோபம் காற்றோடு போய்விடும். பின்னாலேயே பிள்ளையும் போய்விடுவாள்.

டிராமின் மேல்தட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கனகவள்ளி இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சுயம்பு, ஞாயிற்றுக்கிழமைக்கென்று துவைத்த சட்டையில். வண்டி தாதரை விட்டு ஆடி அசைந்து கிளம்பியது.

கல்யாணமான புதிதிலிருந்தே அவர்கள் சண்டைக்கு இடம் டிராம்தான். தாராவியில் அவர்கள் அறைக்கும் ஆவுடையம்மாள் அறைக்கும் நடுவே ஒரே ஒரு தகரம். ஒரு ராத்திரி வாய்ச்சண்டை போட்டுவிட்டு, காலையில் குழாயடிக்குப் போனால் ஆவுடையம்மாள் குடத்தை இறக்கி வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏட்டி, நேத்து நீ சொன்னதுதான் சரி. ஆனா அவன் அம்மைய இழுத்தே பாரு, அத விட்டுருக்கலாம்."

நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கனகவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சுயம்புவுக்கு மானம் போயிற்று. அந்த ஞாயிறே டிராம் ஏறினார்கள். தண்டவாள இரைச்சலில் பேச்சு யாருக்கும் கேட்காது. போகும்போது அவள் பேச வேண்டும், அவன் வாயைத் திறக்கக் கூடாது. டிராம் கடைசியாகப் போய் நிற்கும் போரிபந்தரில் ஒரு சாயாவை இரண்டாக்கிக் குடிப்பார்கள். திரும்பும்போது அவன் முறை. தாதர் வருவதற்குள் தீர்ந்துவிட வேண்டும்; டிராமில் ஏறிய சண்டை வீட்டுக்கு வரக் கூடாது.

எல்லாமே தீர்ந்துதான் வந்தது. செம்பூரில் அவள் ஆசைப்பட்ட அறையை வேண்டாமென்று விட்டது, தங்கை கல்யாணத்துக்கு அவள் போகாமல் நின்றது, எல்லாம் இந்த வண்டியில்தான். போகும் வழியெல்லாம் கொட்டித் தீர்த்து, போரிபந்தரில் இறங்கும்போது உடம்பே லேசாகிவிடும். அந்த லேசில் அவன் மெதுவாகச் சொல்வதெல்லாம் சரியாகவே படும். தீர்ந்தது கோபம் மட்டும்தான் என்பது இந்த வாரம்தான் அவளுக்கு உறைத்தது.

சுயம்புவின் அண்ணன் சிவனாண்டிக்குப் பிள்ளை இல்லை. கோயில் கொடை விழாவுக்கு மகள் பேராச்சியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போன சுயம்பு, அவளை அண்ணனே வளர்க்கட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மகளோடு திரும்பியிருந்தான். பேராச்சிக்கு ஆறு வயசு. கூட்டிப்போக அண்ணன் வருகிறார். சொல்லவேண்டியவளுக்குக் கடைசியில்தான் சொன்னான்.

"என்னளா, பரேல் வரப்போவுது. இன்னும் ஆரம்பிக்கல?"

"இன்னைக்கு நீங்க மொதல்ல சொல்லுங்க. நான் கேக்குதேன்."

"நானா?" அவன் திகைத்துப்போனான். "நீ ஏசுனாத்தானே நான் சமாதானம் சொல்ல முடியும்?"

அவள் வெளியே பார்த்தாள். லால்பாக்கில் சாளிகள் என்ற மாடிக் குடியிருப்புகளின் இரண்டாம் மாடி வராந்தாக்கள் டிராமின் மேல்தட்டுக்குச் சரிசமமாக மிதந்து வந்தன. ஒருவர் முகச்சவரம் செய்தார். ஒருத்தி அரிசி புடைத்தாள். எட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது, எட்டுவதற்குள் நழுவின. ஒரு வராந்தாவில் சிவப்பு ரிப்பன் கட்டிய சிறுமி கம்பியில் கன்னத்தை வைத்து நின்றாள். பேராச்சிதான் என்று கனகவள்ளிக்குத் தோன்றிற்று. அடுத்ததிலும் பேராச்சி. அதற்கடுத்ததில் யாரும் இல்லை, வெறும் கம்பி.

சுயம்பு தொண்டையைச் செருமினான். ஊர்க்காற்று என்றான். பள்ளிக்கூடம் என்றான். அண்ணன் தன்னை ஆளாக்கியதைச் சொன்னான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எதிர்ப்பேச்சு இல்லாத இடத்தில் அவன் காரணங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பைக்குளா தாண்டியதும் குரல் இறங்கிற்று.

"அண்ணன் கேக்கவே இல்ல, கனகு."

அவள் திரும்பினாள்.

"நாந்தான் சொன்னேன். மதினி நம்ம பிள்ளைக்குச் சடை பின்னுனா. அவுத்தா. திரும்பவும் பின்னுனா. பொழுதுக்கும் அதே வேல. அண்ணன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. என்னால பாக்க முடியல. வாயில வந்துட்டு."

போரிபந்தரில் சாயாவைச் சாஸரில் ஆற்றி அவள் பக்கம் தள்ளினான். அவள் குடித்தாள். அவிழ்த்துப் பின்னும் அந்தக் கைகள் கண்ணுக்குள்ளேயே இருந்தன. அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனாலும் கோபத்தைக் காணோம். இது போனால் ஒன்றும் மிஞ்சாது என்றுதான் பயந்திருந்தாள். மனசில் அது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே வேறொன்று இருந்தது, சூடில்லாமல், அசையாமல்.

திரும்பும்போது அவள் முறை.

"ஒங்க அண்ணனும் அக்காவும் இங்க வரட்டும். மழ விடுற வரைக்கும் நம்ம கூடவே இருக்கட்டும். அக்கா எத்தன சட வேணும்னாலும் பின்னட்டும்."

"ஒத்த அறையிலயா?"

"இடுக்கிப்போம். ஆவுடையக்காளுக்கும் கேக்க நாலு பேச்சு கெடைக்கும்."

அவன் சிரித்தான். சிரித்ததும் பழைய தைரியம் வந்துவிட்டது. மரங்களின் இலைகள் ஜன்னலை உரசிக்கொண்டு போயின.

தாதர் வந்தது. ஆட்கள் படியிறங்கினார்கள். சுயம்பு எழுந்து நின்றான்.

"ஒனக்குக் கோவம் இல்லல்லா?"

"இல்ல."

"அப்ப சரின்னு ஒரு சொல்லு சொல்லிட்டு எறங்கு. நான் குடுத்த வாக்கு, கனகு. அண்ணன் மொகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

கீழே யாரோ கயிற்றைப் பிடித்து டிராம் கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கழியை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கம்பியில் நீலப் பொறி ஒன்று தெறித்து அணைந்தது. கனகவள்ளி எழுந்திருக்கவில்லை. அவன் சட்டை நுனியைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"உக்காருங்க. அவுககிட்ட எப்படிச் சொல்லணும்னு பேசிக்கிட்டே இன்னொரு தடவ போயிட்டு வருவோம்" என்றாள். "பிள்ளைய நான் அனுப்பல."